விலக்காமை

மனிதன் தன் முயற்சியால் செய்ய முடியாத காரியம் ஒன்று ஒவ்வோர் இரவும் அவன் முன்னால் வந்து நிற்கிறது. படுக்கையை விரிக்கலாம், விளக்கை அணைக்கலாம், கண்ணை மூடலாம். அதோடு நம் அதிகாரம் முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு உறக்கம் தானாக வரவேண்டும். வரவில்லையே என்று இழுக்கத் தொடங்கினால், இழுக்கிற அந்த முயற்சியே விழிப்பாகி, உறக்கத்தை இன்னும் தூரத்துக்குத் தள்ளிவிடுகிறது.

எது முயற்சியால் கிடைக்கும், எது அருளால் மட்டுமே கிடைக்கும் என்ற கேள்வியை எங்கள் ஸ்ரீவைஷ்ணவ சம்பிரதாயம் ஏறத்தாழ 700 ஆண்டுகளாக விவாதித்து வருகிறது. மோட்சத்தைப் பற்றிய விவாதம் அது. சிறுவயது முதல் உபந்நியாசங்களில் அதைக் கேட்டே வளர்ந்தவன் நான். அந்த விவாதம் என் பாய்க்கும் தலையணைக்கும் நேராகப் பேசுகிறது என்பதைத் தூக்கம் என்னை விட்டுப் போன பிறகுதான் உணர்ந்தேன். நள்ளிரவில் கண் மூடாமல் புரண்டுகொண்டிருக்கும் யாருக்காவது உதவும் என்ற நம்பிக்கையில் இதை எழுதுகிறேன்.

நான் ஸ்ரீரங்கத்துக்காரன். திருச்சி ஆர்.எம்.எஸ்.ஸில் சார்ட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஆர்.எம்.எஸ். என்றால் ரயில்வே மெயில் சர்வீஸ். ஊர் உறங்கும்போது ஓடும் ரயிலின் தபால் பெட்டியில் நின்றபடியே கடிதங்களைப் பிரித்து, சிறு சிறு அறைகள் கொண்ட கேஸில் ஊர்வாரியாகப் போட்டு, பைகளைக் கட்டி அரக்கு முத்திரை வைப்போம். 620006 என்ற பின்கோடு கண்ணில் பட்டால் எந்த ஊர் வழியாகப் போய்க்கொண்டிருந்தாலும் எங்கள் வீதி நினைவுக்கு வரும். அந்த நாட்களில் எனக்கு உறக்கத்தைப் பற்றி யோசிக்க வேண்டியதே இருக்கவில்லை. வேலை முடிந்தால் ரெஸ்ட் ஹவுஸில் தலை சாய்த்த மாத்திரத்தில் தூங்கிவிடுவேன். பகலா இரவா என்ற கணக்கெல்லாம் கிடையாது.

ஓய்வு பெற்றபின் என் மனைவிக்கு இதய அறுவை சிகிச்சை நடந்தது. வீட்டுக்கு அழைத்து வந்தபின் இரவில் அவள் மூச்சு சீராக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். சற்று இருமினாலும் எழுந்து உட்கார்வேன். மாத்திரை நேரம் தவறக்கூடாது என்ற கவலை வேறு. அவள் பெருமாள் கிருபையால் நன்றாகத் தேறி, காலையில் கோலம் போடுகிற அளவுக்கு வந்துவிட்டாள். என் காவல் மட்டும் முடியவில்லை. பத்தரை மணிக்குப் படுப்பேன். மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ் கொள்ளிடம் பாலத்தைக் கடக்கும் ஓசை கேட்கும். பிறகு ஒரு மணி, இரண்டு மணி. "நான் நன்னாத்தான் இருக்கேன், நீங்க கண்ணை மூடுங்கோ" என்பாள் அவள். கண்ணை மூடுவேன். உள்ளே யாரோ நாற்காலி போட்டு உட்கார்ந்து என்னையே கவனித்துக்கொண்டிருப்பார்கள்: இப்போது தூங்கிவிட்டேனா, இன்னும் இல்லையா, நாளைக்கு என்ன ஆகும்?

தெரிந்தவர்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். கசகசாவை அரைத்துப் பாலில் காய்ச்சிக் குடிக்கச் சொன்னார்கள். சாதிக்காயைச் சந்தனக் கல்லில் இழைத்துச் சேர்க்கச் சொன்னார்கள். அமுக்கராப் பொடி, உள்ளங்காலில் நல்லெண்ணெய், வாரம் இரண்டு முறை எண்ணெய்க் குளியல் எல்லாம் வந்தன. சித்த வைத்தியம் அடக்கக்கூடாத 14 வேகங்களில் நித்திரையையும் ஒன்றாக எண்ணுகிறது என்று ஒரு வைத்தியர் எடுத்துச் சொன்னார். பசியைப் போல, தாகத்தைப் போல, அதுவாக எழுந்து வருவது, வரும்போது தடுக்கக்கூடாது. அந்த வார்த்தை மனத்தில் தங்கியது. ஆனால் நான் ஒவ்வொரு மருந்தையும் உறக்கத்தை வரவழைக்கும் கருவியாகவே கையாண்டேன். பால் குடித்துவிட்டு, வேலை செய்கிறதா என்று விழித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் ஒரு இளம் டாக்டரிடம் போனேன். அவர் முதலில் குறட்டை உண்டா, தூக்கத்தில் மூச்சு தடைப்படுகிறதா, கால் குறுகுறுக்கிறதா, தைராய்டு எப்படி, மனச்சோர்வு உண்டா, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறேன் என்று எல்லாவற்றையும் விசாரித்தார். இது மிக முக்கியம். தூக்கமின்மைக்கு அடியில் வேறு நோய் இருந்தால் அதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். வாரத்தில் மூன்று இரவுகளாவது, மூன்று மாதங்களுக்கு மேல் இப்படி நடந்தால் அதை நாள்பட்ட தூக்கமின்மை என்பார்கள் என்று சொல்லிவிட்டு, விளக்கத் தொடங்கினார்.

"சார், தூக்கத்தை இரண்டு சக்திகள் கொண்டு வருகின்றன. விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகும். அதுதான் தூக்கத்தின் பாரம். இரண்டாவது, உடம்புக்குள் இருக்கும் கடிகாரம். காலை வெளிச்சம் அதற்குச் சாவி கொடுக்கிறது. இந்த இரண்டும் உங்களிடம் கெட்டுப்போகவில்லை. மூன்றாவதாக ஒன்று இருக்கிறது: எச்சரிக்கை. ஆபத்து என்று உடம்பு நினைத்தால் எவ்வளவு பாரம் சேர்ந்திருந்தாலும் தூங்க விடாது. காட்டில் வாழ்ந்த மனிதனைக் காப்பாற்றிய குணம் அது. இப்போது உங்கள் உடம்பு படுக்கையையே ஆபத்தான இடமாகக் கற்றுக்கொண்டுவிட்டது."

அவர் சொன்ன சிகிச்சையில் மருந்து இல்லை. தூக்கமின்மைக்கான அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை என்று பெயர். நாள்பட்ட தூக்கமின்மைக்கு இதையே முதல் சிகிச்சையாகக் கொடுக்க வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016இல் பரிந்துரைத்திருக்கிறது. விதிகள் எளிமையானவை. தூக்கம் கண்ணைச் சொருகும்போது மட்டும் படுக்க வேண்டும். இருபது நிமிடம் போல ஆகியும் வரவில்லை என்று தோன்றினால் எழுந்து வேறு அறைக்குப் போக வேண்டும். மங்கிய வெளிச்சத்தில் அமைதியாக ஏதாவது செய்துவிட்டு, தூக்கம் வந்தால் திரும்ப வரவேண்டும். கடிகாரத்தைப் பார்க்கக்கூடாது. இரவு எப்படிப் போனாலும் காலையில் ஒரே நேரத்தில் எழ வேண்டும். பகலில் தூங்கக்கூடாது. படுக்கையில் டி.வி., போன், குடும்பக் கணக்கு எதுவும் கூடாது. மாலை நான்கு மணிக்குக் குடிக்கும் பில்டர் காபியில் இருக்கும் காபீனில் ஏறக்குறைய பாதி, இரவு ஒன்பது மணிக்கும் உடம்பில் இருக்கும். ஆகவே மதியத்தோடு காபி முடிய வேண்டும்.

எல்லாவற்றையும்விட என்னைத் திகைக்க வைத்தது இன்னொரு விதி. நான் ஐந்து மணி நேரம்தான் உண்மையில் தூங்குகிறேன் என்றால், படுக்கையில் இருக்கும் நேரத்தையும் ஐந்து மணியாகச் சுருக்க வேண்டுமாம். காலை ஐந்துக்கு எழுவது என்றால் நள்ளிரவு பன்னிரண்டு வரை படுக்கவே கூடாது. படுத்திருக்கும் நேரத்தில் 85 சதவீதம் தூக்கமாக மாறியபின் கொஞ்சம் கொஞ்சமாக நேரத்தைக் கூட்டலாம். இதை டாக்டர் பார்வையில்தான் செய்ய வேண்டும் என்று அழுத்திச் சொன்னார். வலிப்பு உள்ளவர்கள், மனநிலை அதீதமாக ஏறி இறங்கும் நோய் உள்ளவர்கள், வண்டி ஓட்டிப் பிழைப்பவர்கள் தாங்களாகச் செய்யக்கூடாது. ஏற்கனவே தூக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் திடீரென்று நிறுத்தவும் கூடாது. தூக்கம் வேண்டும் என்று வந்தவனிடம், படுக்கும் நேரத்தைக் குறை என்கிறாரே என்று கேட்டேன். "தூக்கத்தைத் துரத்துவதை நிறுத்தத்தான் சார் இதெல்லாம்" என்றார்.

பஸ்ஸில் திரும்பும்போது அந்தப் பதில் எனக்குப் பழக்கமானதாகத் தோன்றியது. கோயிலில் பலமுறை கேட்ட செய்திதான் அது.

பகவானை அடைய ஜீவன் என்ன செய்ய வேண்டும்? சரணாகதி என்பதில் வடகலை, தென்கலை என்ற இரு கலையாருக்கும் வேறுபாடு இல்லை. அந்தச் சரணாகதியில் ஜீவனுக்கு என்ன பங்கு என்பதில்தான் பிரிகிறார்கள். வேதாந்த தேசிகர் (1268–1369) சொல்வதன் சாரம் இது: காப்பவன் அவன்தான், ஆனால் அவன் கருணை பாய ஜீவனிடமிருந்து ஒரு சிறு வியாஜம், அதாவது ஒரு சாக்கு, வேண்டும், தாயைத் தானே இறுகப் பற்றிக்கொள்ளும் குரங்குக் குட்டியைப் போல. பிள்ளை லோகாசாரியர் ஸ்ரீவசனபூஷணத்தில் வேறு திசையில் போகிறார். உபாயம், அதாவது அடையும் வழி, அவன் ஒருவனே. என் சரணாகதியைக்கூட நான் உபாயமாக எண்ணக்கூடாது. பூனைக் குட்டி ஒன்றும் செய்வதில்லை. தாய் கவ்வித் தூக்கிப் போகிறது. அப்படியானால் ஜீவனிடம் எதிர்பார்ப்பது ஒன்றுமே இல்லையா? ஒன்று உண்டு என்கிறார்கள் தென்கலை ஆசாரியர்கள். விலக்காமை. அவன் தூக்க வரும்போது உதறித் தள்ளாமல் இருப்பது. அவ்வளவே.

நான் தென்கலைக் குடும்பத்தவன். இதை மோட்சத்துக்கு உரியதாகப் பத்திரமாக எடுத்து வைத்திருந்தேன். டாக்டரின் விதிகளை இதன் அருகே வைத்துப் பார்த்தபோது ஒவ்வொன்றும் விலக்காமையாகவே தெரிந்தது. காபியை நிறுத்துவது உறக்கத்தை உண்டாக்குவதில்லை. உள்ளே சேரும் பாரத்தை மறைப்பதை நிறுத்துகிறது. கடிகாரத்தைத் திருப்பி வைப்பது உறக்கத்தை அழைப்பதில்லை; உள்ளே உட்கார்ந்திருக்கும் காவல்காரனின் கணக்குப் புத்தகத்தைப் பிடுங்கிக்கொள்கிறது. எழுந்துபோய் வேறு அறையில் உட்கார்வதும் அப்படித்தான். படுக்கையில் கிடந்து போராடுவதை நிறுத்தும் வழி அது. இந்த விதிகளில் எதுவும் விலை கொடுத்து உறக்கத்தை வாங்குவதில்லை. வருகிற உறக்கத்துக்கு நான் வைத்திருந்த தடைகளை எடுக்கின்றன.

நாஜி முகாம்களில் இருந்து உயிர் பிழைத்த வியன்னா மனநல மருத்துவர் விக்டர் பிராங்க்ல் தூக்கம் வராதவர்களிடம், தூங்க முயலாதீர்கள், எவ்வளவு நேரம் விழித்திருக்க முடியும் என்று பாருங்கள் என்று சொல்வார். தூங்கியாக வேண்டும் என்ற மிகையான விருப்பமே தூக்கத்துக்குப் பகை என்பது அவர் கண்டது. லோகாசாரியர் இதைக் கேட்டிருந்தால் வியந்திருக்க மாட்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது. பலனைப் பிடித்துக்கொண்டிருக்கும் கை திறக்காதவரை கொடுப்பவனால் எதையும் வைக்க முடியாது என்பது ஆசாரியர்கள் நன்கு அறிந்தது.

ஆர்.எம்.எஸ். வேலையில் பழகிய ஒரு காரியம் இதை எனக்குத் தெளிவாக்கியது. எங்கள் செட் இறங்கும்போது அடுத்த செட்டிடம் பைகளை எண்ணி ஒப்படைப்போம். பதிவுத் தபால் பட்டியல், இன்ஷ்யூர்டு பை, முத்திரை எல்லாம் சரிபார்த்து அவர்கள் கையெழுத்துப் போடுவார்கள். அந்தக் கையெழுத்து விழுந்த நொடியிலிருந்து பை என் பொறுப்பில்லை. ரயில் புறப்பட்டபின் பிளாட்பாரத்தில் நின்று அந்தப் பை என்ன ஆயிற்றோ என்று கவலைப்பட்டவன் யாரும் கிடையாது. அப்படிக் கவலைப்படுவது அடுத்த செட்டை நம்பவில்லை என்று சொல்வதாகும். சம்பிரதாயத்தில் பரந்யாசம் என்கிறார்களே, பாரத்தை இறக்கி அவனிடம் வைப்பது, அதற்கு இதைவிடச் சரியான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. என் மனைவியின் மூச்சை நான் இரவெல்லாம் காத்தேன். நான் எழுந்து பார்த்ததால் அது ஓடவில்லை. என் மூச்சுகூட என் கண்காணிப்பில் ஓடுவதில்லை.

சார்ட்டிங் ஹாலில் எங்களோடு கிறிஸ்தவர் ஒருவர் இருந்தார். வீட்டுக் கவலையோடு இரவு வேலைக்கு வரும் இளைஞர்களிடம் 127ஆம் சங்கீதத்தை எடுத்துச் சொல்வார். அதிகாலையில் எழுந்து, இரவு நெடுநேரம் விழித்து, வருத்தத்தின் அப்பத்தைச் சாப்பிடுவது வீண். தேவன் தமக்குப் பிரியமானவருக்கு உறக்கத்தைத் தருகிறார் என்பது அதன் கருத்து. இன்னொருவர் இஸ்லாமியர். நபிகள் கற்றுக்கொடுத்த துஆவைச் சொல்லித்தான் படுப்பார். என் உயிரை நீ வைத்துக்கொண்டால் அதன்மேல் இரக்கம் காட்டு, திருப்பி அனுப்பினால் அதைக் காத்துக்கொள் என்று இறைவனிடம் சொல்வது அது. ஒவ்வோர் இரவும் உயிரையே ஒப்படைத்துவிட்டு, காலையில் திரும்பக் கிடைத்தால் நன்றி சொல்கிறார். இறைவனுக்குச் சிறு உறக்கமும் இல்லை, பெரு உறக்கமும் இல்லை என்பது அவர்கள் வேதத்தில் உள்ளது. காப்பவன் விழித்திருக்கிறான் என்று நம்புகிறவர்களால்தான் உறங்க முடியும் என்பதை இருவரும் தங்கள் மொழியில் எனக்குச் சொன்னார்கள்.

எங்கள் ஸ்ரீரங்கத்துப் பெருமாளோ படுத்திருக்கிறார். ஆதிசேஷன்மேல், மேற்கே தலை வைத்து, தெற்கே முகம் காட்டி. இரவு அரவணைப் பிரசாதம் அமுது செய்தபின் நடை சாத்துகிறார்கள். விடியலில் பசுவும் யானையும் முன்னே நிற்க விசுவரூப தரிசனம். அந்த உறக்கத்தை அறிதுயில் என்கிறோம். கண் மூடியிருக்கிறது; உலகத்தை மறக்கவில்லை. நான் அறியாமல் உறங்குவதற்கு அவன் அறிந்து உறங்குவது காவலாக இருக்கிறது. இரண்டு உறக்கத்துக்கும் உள்ள இந்த வேறுபாடுதான் என்னைத் தேற்றுகிறது. தூக்கமில்லாதவன் செய்ய முயல்வது என்ன என்று யோசித்துப் பாருங்கள். படுத்தபடியே எல்லாவற்றையும் கண்காணிக்கப் பார்க்கிறான். அது பெருமாளுடைய வேலை. மனித உடம்பு அதைத் தாங்காது.

இங்கே ஒரு எதிர்ப்பு எழும். சாஸ்திரங்கள் உறக்கத்தைப் புகழவில்லையே? வள்ளுவர் கெடப்போகிறவர்கள் விரும்பி ஏறும் நான்கு கலங்களில் உறக்கத்தையும் ஒன்றாகச் சொன்னார். எங்கள் தொண்டரடிப்பொடி ஆழ்வாரே திருமாலையில், நூறு வயது வாழ்ந்தாலும் பாதி தூங்கியே போய்விடுகிறது என்று நொந்து பிறவியே வேண்டாம் என்கிறார். அரங்கனை எழுப்பத் திருப்பள்ளியெழுச்சி பாடியவரும் அவர்தான். அப்படியிருக்க, தூக்கம் வராததைக் குறையாக நினைக்கலாமா? விழித்திருந்து நாமம் சொன்னால் ஆயிற்று என்று ஒரு நண்பர் கேட்டார்.

இரண்டு விழிப்புகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று அவரிடம் சொன்னேன். வைகுண்ட ஏகாதசி இரவில் எங்கள் ஊரில் எத்தனையோ ஆயிரம் பேர் விழித்திருக்கிறார்கள். வெளிப்பிரகாரத் தரையில் குழந்தை குட்டிகளோடு உட்கார்ந்து பரமபதவாசல் திறக்கக் காத்திருக்கிறார்கள். யார் முகத்திலும் தூக்கமின்மையின் கசப்பு இருக்காது. அவர்கள் இன்னொருவருக்காக விழிக்கிறார்கள். இராமனுக்காக இலக்குவன் பதினான்கு ஆண்டுகள் விழித்ததும் அந்த வகை. நள்ளிரவில் புரள்பவன் தனக்காகவே விழிக்கிறான். தன் நாளைய பொழுது, தன் உடம்பு, தன் தூக்கம். முன்னது கைங்கரியம், அதாவது தொண்டு. பின்னதில் கைங்கரியம் எதுவும் இல்லை. ஆழ்வார் நொந்தது பகவானை நினைக்காமல் போகும் காலத்துக்காக. அந்தக் கணக்கில் தூங்கிய நேரத்தைவிடத் தன்னையே நினைத்து விழித்த நேரம்தான் பெரிய இழப்பு. கீதையின் ஆறாம் அத்தியாயத்தில் கண்ணன், அளவுக்கு மீறி உறங்குபவனுக்கும் யோகம் இல்லை, உறங்காமலே இருப்பவனுக்கும் இல்லை என்று அர்ஜுனனிடம் தெளிவாகச் சொல்லிவிட்டான். உறக்கத்தை வென்றவன் என்று பெயர் பெற்ற அர்ஜுனனுக்கே அந்த உபதேசம்.

திருப்பாவையில் ஆண்டாள் தோழியரை வீடு வீடாகப் போய் எழுப்புகிறாள். பத்தாம் பாசுரத்தில் ஒருத்தி எழவே மாட்டேன் என்கிறாள். கும்பகர்ணன் உன்னிடம் தோற்றுத் தன் தூக்கத்தை உனக்குக் கொடுத்துவிட்டானோ என்று கேலி செய்கிறார்கள். பூர்வாசாரியர்களின் உரை மரபில் அவளைச் சோம்பேறி என்று ஒதுக்குவதில்லை. கண்ணனே தனக்கு உபாயம் என்று பாரமற்று இருப்பவள் என்று கொண்டாடுகிறார்கள். அதே நேரத்தில் அவளை உறங்க விட்டுவிட்டும் போவதில்லை. அடியார் கூட்டம் அழைக்கிறது, எழுந்து வா என்கிறார்கள். நம்பி உறங்குவதும், அழைத்தால் எழுவதும் ஒரே பக்தியின் இரண்டு பாதிகள். டாக்டர் என்னிடம் கேட்டதும் இவைதான்: இரவைக் கையை விட்டு விடு, விடியலில் குறித்த நேரத்துக்கு எழு.

உறக்கத்தின்போது ஜீவன் எங்கே போகிறது என்பதற்கும் நம்மிடம் பதில் இருக்கிறது. சாந்தோக்ய உபநிடதத்தில் இந்திரன் பிரஜாபதியிடம் பாடம் கேட்கிறான். ஆழ்ந்த உறக்கமே ஆத்மா என்று சொல்லப்பட்டபோது அவனுக்கு மனம் ஒப்பவில்லை. அந்த நிலையில் ஒருவன் தன்னையே அறிவதில்லை, அழிந்தவன்போல ஆகிவிடுகிறான், இதில் என்ன நன்மை என்று திரும்பி வந்து கேட்கிறான். உண்மையான கேள்வி அது. மொத்தம் 101 ஆண்டுகள் குருவோடு இருந்தவன் கேட்ட கேள்வி. தூக்கமில்லாத பலருக்கு அடிமனத்தில் இருப்பதும் இந்தப் பயமே. நான் இல்லாமல் போகும் சில மணி நேரம். அந்த நேரத்தில் என்ன நடக்கும்?

இராமானுசர் ஸ்ரீபாஷ்யத்தில் இதற்கு விடை தருகிறார். உறங்கும் ஜீவன் நாடிகளில் இருக்கிறது, இதயத்தைச் சூழ்ந்த உறையில் இருக்கிறது, பிரம்மத்தில் இருக்கிறது என்று உபநிடதங்கள் மூன்று விதமாகச் சொல்கின்றன. மூன்றும் பொருந்தும் என்கிறார் அவர். நாடிகள் மாளிகை, அந்த உறை கட்டில், பிரம்மமே மெத்தை. மாளிகையில் கட்டிலில் மெத்தைமேல் படுத்திருப்பவன் மூன்றிலும்தான் படுத்திருக்கிறான். ஆனால் நேராக அவன் உடம்பைத் தாங்குவது மெத்தை. ஆகவே உறக்கத்தில் ஜீவன் நேராகச் சாய்ந்திருப்பது பரமாத்மாவின்மேல். காலையில் எழுவதும் அதே ஜீவன்தான் என்று அடுத்து நிறுவுகிறார். அதே வினை, அதே நினைவு. ஒன்றும் தொலைவதில்லை. இந்திரனுடைய பயத்துக்கு இது எனக்குப் போதுமான விடை. நான் இல்லாமல் போகும் நேரம் என்று நினைத்தது, நான் தாங்கப்படும் நேரம்.

இனி, என்னை மிகவும் அலைக்கழித்த கேள்விக்கு வருகிறேன். தூங்குவதற்காகச் சரணடைந்தால் அது சரணாகதியா? கடவுளை மாத்திரையாக விழுங்குவது ஆகாதா? நானும் படுக்கையில் திருநாமங்களை உருப்போட்டுப் பார்த்திருக்கிறேன். நாமம் சொல்லும் நாக்குக்குப் பின்னால், வந்துவிட்டதா, வந்துவிட்டதா என்று அந்தக் காவல்காரன் கேட்டுக்கொண்டே இருந்தான். லோகாசாரியர் சரணாகதியையும் உபாயமாக நினைக்காதே என்று ஏன் அவ்வளவு கண்டிப்பாகச் சொன்னார் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஒப்படைத்தேன் என்று சொல்லிவிட்டுப் பலன் வந்ததா என்று எட்டிப் பார்ப்பவன் இன்னும் ஒப்படைக்கவில்லை. பையின் மேல் அவன் கை இன்னும் இருக்கிறது.

இதற்கு ஒரே வழி, உறக்கத்தையும் சேர்த்து ஒப்படைப்பது. இன்று தூங்கினால் சரி. தூங்காவிட்டால் நாளை களைப்பாக இருப்பேன், அந்தக் களைப்போடு காவேரிக்குப் போய்க் குளிப்பேன், காய்கறி வாங்குவேன், மாலையில் கோயிலுக்குப் போவேன். ஓர் இரவுத் தூக்கம் குறைந்ததால் நாள் அழிந்துவிடாது. அடுத்த இரவுக்குப் பாரம் கூடுகிறது, அவ்வளவே. நாளையைப் பற்றிய பயம் குறைந்தால் உடம்பின் எச்சரிக்கையும் இறங்குகிறது. இதை மருத்துவமும் சொல்கிறது, என் அனுபவமும் சொல்கிறது. விழிப்பு வந்தால் எழுந்து கூடத்தில் மங்கிய விளக்கில் உட்கார்ந்து திருவாய்மொழியில் ஒரு பதிகத்தை மெதுவாகச் சேவிக்கிறேன். தூக்கம் வருவதற்காக அதைச் சேவிப்பதில்லை. அது சேவிக்கத் தக்கது என்பதற்காகச் சேவிக்கிறேன். சில இரவு பதிகம் முடியுமுன் கண் சொருகும். சில இரவு இரண்டு பதிகம் ஆகும். இரண்டு இரவையும் நான் இப்போது ஒரே மாதிரி ஏற்கிறேன்.

படுக்குமுன் மனத்தில் இருக்கும் பகையைப் பற்றியும் ஒரு வார்த்தை. புத்தரை ஆளவி நகரில் ஹத்தகர் என்பவர் பனிக்காலத்தில் சந்தித்த கதை அங்குத்தர நிகாயம் என்ற பௌத்த நூலில் வருகிறது. மாடுகள் மிதித்த கரடுமுரடான தரை, மெல்லிய இலைப் படுக்கை, குளிர்க் காற்று. நன்றாக உறங்கினீர்களா என்று கேட்கிறார். உலகில் நன்றாக உறங்குபவர்களில் நான் ஒருவன் என்கிறார் புத்தர். காற்றுப் புகாத மாளிகையில் மெத்தைமேல் படுத்தாலும் ஆசையும் வெறுப்பும் மயக்கமும் எரிக்கின்றவனுக்கு உறக்கம் ஏது என்று திருப்பிக் கேட்கிறார். அதே நூலில் மைத்திரியின், அதாவது எல்லா உயிரிடமும் கொள்ளும் அன்பின், பயன்களைப் பதினொன்றாக எண்ணும் இடத்தில் முதலில் வருவது சுகமாக உறங்குவது. மெத்தைக் கடைக்குப் போகுமுன் இதை யோசிக்கலாம். பங்காளியோடு உள்ள வழக்கையும் மருமகள் சொன்ன சொல்லையும் சாயங்காலமே ஒரு தாளில் எழுதி, நாளை என்ன செய்யலாம் என்று ஒரு வரி குறித்து மூடிவைக்கச் சொன்னார் டாக்டர். செய்து பாருங்கள். தலையணைக்கு வருமுன் தீர்க்க முடிந்தது தீரும். முடியாதது தாளில் இருக்கும்.

என் உறக்கம் முழுதும் இளமைக்குத் திரும்பவில்லை. வயது ஏற ஏற உறக்கம் இலேசாவது இயற்கை. ஆனால் பயம் போய்விட்டது. அது போனபின் உறக்கம் தன் வழியில் பெரும்பாலான இரவுகளில் வருகிறது. தேசிகரைப் பின்பற்றும் என் பக்கத்து வீட்டுக்காரர், நீங்கள் விதிகளைக் கடைப்பிடித்தீர்களே, அது குரங்குக் குட்டியின் பிடிதானே என்று வாதிடுவார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் இருவரும் ஒப்புக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. தூக்கிச் செல்வது தாய்தான், குட்டி அல்ல.

ஆகவே, இதைப் படிப்பவர் கண்ணுக்கும் உறக்கம் வராமல் இருந்தால் நான் சொல்ல வருவது இதுதான். டாக்டரைப் பாருங்கள், விதிகளைக் கடைப்பிடியுங்கள், அவற்றைக் கூலியாக நினைக்காதீர்கள். எழும் நேரம் உங்கள் பொறுப்பு; உறங்கும் நேரம் அவன் பொறுப்பு. இந்தப் பங்கீட்டை மனதார ஏற்றுக்கொண்டவருக்கு விழித்துக் கழிந்த இரவுகூடத் தோல்வி ஆகாது.